நம்ம வீடு இதைவிடப் பெருசு

என் மாமா எந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக அளக்க ஆரம்பிப்பார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் நிற்பார். ஒரு காலின் குதிகால் மறுகாலின் பெருவிரலைத் தொடும்படி அடி ஒட்டி அடி வைத்துக் கூடத்தின் மறுகோடி வரை நடப்பார். காவலாளி, வீட்டுக்காரர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வழிவிட்டு நிற்க வேண்டும். எதிர்ச் சுவரைத் தொட்டதும் எங்கள் பக்கம் திரும்பிச் சொல்வார்: “நம்ம வீடு இதைவிடப் பெருசு.”

ஒரு ஜமீன் அரண்மனையிலும் இதையேதான் சொன்னார். அங்கே கூடம் மட்டுமே ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. பாதியில் மூச்சு வாங்கித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர், “நீளத்த விடுங்க, உயரத்துல நம்மது பெருசு” என்றார். நான் சிரித்துவிட்டேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். அண்ணனைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது அவளுக்கு.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலில் ஏறுகிற சரக்கையும் இறங்குகிற சரக்கையும் சரிபார்த்துக் குறித்துக்கொள்கிற வேலை. ஒரு மூட்டை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாராம். இதை அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் திருச்சியில் இருந்தோம். மே மாத லீவில் நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தால், மறுநாள் காலையில் வாசலில் வேன் நிற்கும். மாமா முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொள்வார். அந்த சீட்டை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை, மாசிக் கருவாட்டுச் சம்பல் எல்லாம் பின்னால் ஏறும். பிறகு ஊர் ஊராகப் பழைய வீடுகள். முத்து வியாபாரி கட்டியது, வெள்ளைக்காரத் துரை இருந்தது, நாசரேத் பக்கம் மிஷன் பங்களா, சுதந்திரத்துக்குச் சிறை போனவர் பிறந்த வீடு என்று வருஷத்துக்கு வருஷம் பட்டியல் நீளும். திறந்து வைத்திருக்கிற வீடு, பூட்டிய வீடு என்றெல்லாம் அவருக்கு வித்தியாசம் கிடையாது. ஆள் குடியிருக்கிற வீடானாலும் கதவைத் தட்டி, “நாங்களும் இந்த மாதிரி ஒரு வீட்டுக்காரங்கதான்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவார்.

அத்தாட்சிக்கு இடுப்பில் சாவி. பெல்ட்டில் கோத்த தோல் பை ஒன்று. அதற்குள் ஒரு சாண் நீள இரும்புச் சாவி. முனையில் மூன்று பல். அந்தச் சாவியால் தூணைத் தட்டிப் பார்த்து, “இது பர்மாத் தேக்கு இல்ல” என்று அந்த வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே தீர்ப்புச் சொல்வார். ஒரு நினைவு இல்லத்தில் கயிறு கட்டித் தடுத்து வைத்திருந்த நாற்காலியில் கயிற்றைத் தூக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். காவலாளி ஓடி வந்து எழுந்திருக்கச் சொன்னான். இவர் சாவியை எடுத்து அவனிடம் காட்டினார். அவனுக்கு என்ன புரிந்ததோ, “சரி சார், சீக்கிரம் எந்திரிங்க” என்று தணிந்து போனான். மனுஷரிடம் அப்படி ஒரு தோரணை உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தச் சாவிக்குரிய வீடு மணப்பாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கடற்கரை ஊரில் இருந்தது. தாத்தா கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். அவர் அப்பா கட்டிய வீடு. அம்மா பிறந்ததும் வளர்ந்ததும் கல்யாணமாகிப் புறப்பட்டதும் அங்கேதான். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அம்மா அந்த வீட்டைப் பற்றி நிறையச் சொல்வாள். எல்லாக் கதையும் கடைசியில் கதவில் வந்து முடியும்.

குருத்து ஞாயிறன்று கோவிலில் மந்திரித்துத் தருகிற ஓலையைச் சிலுவையாக மடித்து எங்கள் ஆட்கள் வாசல் நிலைக்கு மேலே குத்தி வைப்பது வழக்கம். அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு முன்னால் அந்தப் பழைய ஓலையைக் கோவிலில் கொடுத்துவிடுவார்கள். எல்லா வீட்டிலும் ஒரே ஆணியில் புது ஓலையைச் செருகுவார்கள். தாத்தாவுக்கு அது ஆகாது. போன வருஷத்து ஆணி போன வருஷத்துக்குத்தான் என்று பக்கத்தில் புது ஆணி அடிப்பார். அதுவும் சாதா ஆணி இல்லை, தோணிக்கு அடிக்கிற சதுரத் தலை ஆணி. வருஷத்துக்கு ஒன்றாக நிலையின் மேல்கட்டை முழுக்க வரிசையாக ஆணி. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆணி இடம் காலி. அந்த வருஷம் தாத்தா குருத்து ஞாயிறுக்குக் கரை வந்து சேரவில்லை. திரும்பி வந்தவர் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த இடத்தில் அடித்தார். அம்மா இதைச் சொல்லும்போது சுவரில் விரலால் குத்திக் குத்திக் காட்டுவாள்.

தாத்தா இறந்த வருஷம் மாமா அம்மாவின் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போயிருந்தேன். பத்திர ஆபீஸ் வேப்பமரத்தடியில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எனக்குப் பங்கெல்லாம் வேண்டாம்ணே. வீடு நிக்கட்டும். நான் வாரப்ப தொறந்து விடுங்க, போதும்.”

“சாவி என் இடுப்புல இருக்கிற வரைக்கும் அது உன் வீடும்தான்ளா” என்றார் மாமா.

அம்மா கையெழுத்துப் போட்டாள். அவள் பேனாவை நான்தான் மூடிப் பையில் வைத்தேன்.

அதற்கு இரண்டாவது வருஷம் இந்த வேன் பயணம் ஆரம்பித்தது. ஒவ்வொரு பயணமும் கடைசியில் ‘நம்ம வீட்டில்’ முடிவதாக ஏற்பாடு. காலையில் புறப்படும்போதே, “சாயங்காலம் நம்ம வீட்டுல போய்க் காப்பி போட்டுக் குடிக்கோம்” என்பார். அம்மா பையில் காப்பித்தூளும் சர்க்கரையும் தனியாக எடுத்து வைத்துக்கொள்வாள். ஒரு பழம்புடவையும் வைப்பாள், கூட்டித் துடைக்க. வண்டி குலசேகரன்பட்டினம் தாண்டி மணப்பாட்டு ரோடு பிரிகிற விலக்குக்கு வரும். அங்கே மாமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஒரு வருஷம் ரோட்டில் மணல் ஏறிக் கிடந்தது, வேன் போகாது. ஒரு வருஷம் உள்ளே பெயிண்ட் அடித்து ஈரம் காயவில்லை. ஒரு வருஷம் கதண்டு வண்டு கூடு கட்டியிருந்தது, அழிக்க ஆள் சொல்லியிருந்தார். இன்னொரு வருஷம் ஊரில் துட்டி, சாவு வீட்டைத் தாண்டிச் சிரித்துப் பேசிக்கொண்டு போக முடியாது. ஒவ்வொன்றும் நம்புகிற மாதிரியே இருக்கும். வண்டி உடன்குடிப் பக்கம் திரும்பும். அங்கே இறங்கி அம்மாவுக்குக் கருப்பட்டி வாங்கிக் கொடுப்பார். “பொறந்த வீட்டுச் சீர்ளா” என்பார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள்.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. பஸ்ஸில் நானே கூட்டிப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் கூட்டிப் போகாமல் பூட்டிய பிறந்த வீட்டு வாசலில் போய் நின்றால் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஆகவில்லை என்று பேச்சாகிவிடுமாம். நான் தனியாக ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். போகவில்லை. வேலை, பிள்ளைகள், வெயில். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு என்னை நான் இன்னும் திட்டிக்கொள்கிறேன்.

சாத்தான்குளம் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தர் தனியாக இருந்தார். எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். மாமா அங்கே ஒரு மணி நேரம் நம்ம வீட்டின் மாடிப்படி, மரப் பரண், கடலைப் பார்த்த ஜன்னல் என்று விவரித்தார். அந்த டீச்சர் அம்மாவைப் பார்த்து, “லீவுக்கு வந்தா அங்கனதான் தங்குவீங்களோ?” என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “அண்ணன் தொறந்து விடுவாக” என்றாள்.

கெட்ட மனுஷரா என்றால், அப்படி ஒரேயடியாகவும் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல். அப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்து ஒன்பது நாள் எங்களோடு இருந்தார். சமையல் ஆள் வராத நாளில் அவரே மீன் ஆய்ந்து குழம்பு வைத்தார். அம்மாவுக்கு முட்டி வலி வந்தபிறகு எந்த வீட்டுப் படியானாலும் அவர் கையைப் பிடித்துத்தான் ஏறுவாள். அந்த ஒன்பது நாளிலும் இடுப்பில் சாவி இருந்தது. ஊருக்குப் புறப்படும் முன் அம்மா அந்தச் சாவியைக் கேட்டு வாங்கித் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தாள். வருஷா வருஷம் அவள் செய்கிற வேலை அது. உப்புக் காத்தில் துருப்பிடித்தால் பூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும் என்பாள்.

இப்படியே பன்னிரண்டு வருஷம்.

கடைசிப் பயணத்துக்கு மாமாவின் மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். அவருக்கு ஒரே பிள்ளை. அப்பாவுக்குப் பழைய வீடுதானே உயிர் என்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓர் இடத்தில் போனிலேயே சொல்லி வைத்திருந்தாள். எங்கே என்று அவருக்குச் சொல்லவில்லை. அன்றைக்கும் மணப்பாடு விலக்கில் மாமா கடிகாரத்தைப் பார்த்தார். பின்கட்டில் ஓடு மாற்றுகிறார்களாம், உள்ளே தூசியாக இருக்குமாம். அம்மா காப்பித்தூள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வண்டி திரும்பியது.

திருச்செந்தூர் தாண்டித் தூத்துக்குடிக்கு வருகிற வழியில், உள்ளே தள்ளி ஒரு பழைய பங்களா. அதைப் புதுப்பித்து ஓட்டலாக்கியிருந்தார்கள். மாமா வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினார், கூடத்தை அளந்தார், நம்ம வீடு இதைவிடப் பெருசு என்றார். சாப்பாட்டு அறைச் சுவரில் பழைய கதவுகளை நிலையோடு சேர்த்து வரிசையாகப் பதித்திருந்தார்கள். கடற்கரை ஊர்களில் இடித்த வீடுகளிலிருந்து வியாபாரிகள் மூலமாக வாங்கிச் சேர்த்தவை என்று அங்கே வேலை பார்க்கிற பெண் சொன்னாள். எல்லாம் பளபளவென்று வார்னிஷ். மாமா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். மூன்றாவது கதவைச் சாவியால் தட்டி, “இது பரவாயில்ல, நல்ல மரம். ஆனா நம்ம வீட்டுக் கதவு இதைவிட ஒரு சாண் உசரம்” என்று சொல்லிவிட்டு நாலாவதுக்குப் போய்விட்டார்.

அம்மா மூன்றாவது கதவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். தலையை அண்ணாந்து மேல்கட்டையைப் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏற முட்டி வலியோடு முயன்றாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் கையை உயர்த்தி இடமிருந்து வலமாகத் தடவினாள். வார்னிஷுக்கு அடியில் சதுரத் தலைகள். ஏழு வரைக்கும் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டது. அடுத்து ஒன்றுமில்லாத இடத்தில் விரல் நின்றது. பிறகு எட்டாவது.

அம்மா இறங்கினாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

“அண்ணே, அந்தச் சாவியக் கொஞ்சம் குடுங்க.”

“எதுக்குளா? வீட்டுல போயி எண்ணெய் போட்டுக்கிடலாம்லா.”

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. மாமா பையைத் திறந்து கொடுத்தார். அம்மா சாவியைப் பூட்டுத் துளைக்குள் விட்டுத் திருப்பினாள். உள்ளே தாழ் விலகுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பன்னிரண்டு வருஷம் எண்ணெய் போட்ட சாவி, ஒரு சிக்கும் இல்லாமல் சுற்றியது. அம்மா கதவைத் தள்ளினாள். நகரவில்லை. பின்னால் சுவர்.

“அந்தக் காலத்துல ஒரே மாதிரிப் பூட்டு எத்தனையோ செஞ்சிருப்பான்ளா” என்றார் மாமா.

“ஆணியும் ஒரே மாதிரி அடிச்சிருப்பானாண்ணே?”

மாமா அப்போதுதான் மேலே பார்த்தார். அவருக்கு அந்தக் கதவை அடையாளம் தெரியவே இல்லை என்பது அந்தப் பார்வையில் எனக்குத் தெரிந்தது. ஒரு மூட்டை குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவர். சாவியால் தட்டிப் பார்த்துவிட்டு, நம்மது இதைவிட உசரம் என்று சொல்லிவிட்டுப் போனவர்.

“வீடு நிக்குதா?” என்று அம்மா கேட்டாள்.

“பூட்டிக் கெடந்தா எந்த வீடு நிக்கும்? கரையான். கதவுக்கு ஒருத்தன் வந்தான், எடத்துக்கு ஐஸ் பேக்டரிக்காரன் வந்தான். இவ படிப்பும் இருந்துச்சு.” மகள் பக்கம் கையைக் காட்டினார்.

“எப்ப?”

“நீ கையெழுத்துப் போட்ட மறுவருசம்.”

அம்மா குரலை உயர்த்தவில்லை. “அப்ப இத்தனை வருசமா என்னைய எங்க கூட்டிட்டுப் போனீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

விற்றபோதே சொல்லியிருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பிள்ளை படிப்புக்குத்தானே, எடுத்துக்கோங்கண்ணே என்றிருப்பாள். ஒரு நாள் அழுதிருப்பாள், அவ்வளவுதான். வீடு நின்ற காலத்தில் இவர் எங்களை எந்த வீட்டையும் பார்க்கக் கூட்டிப் போனதில்லை. அது போன பிறகுதான் வேன் வந்தது, அடி அளப்பது வந்தது, கருப்பட்டிச் சீர் வந்தது. அவர் மகள் அம்மாவின் தோளைத் தொட்டு, “விடுங்க அத்தை, அப்பா பாவம்” என்றாள். ஆமாம், அப்பாதான் பாவம்.

அம்மா கதவை மறுபடி பூட்டினாள். சாவியை உருவி, அங்கே வேலை பார்த்த அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். “இந்தக் கதவுச் சாவிம்மா. இங்கனயே இருக்கட்டும். மழைக்காலத்துல எண்ணெய் போடணும்” என்றாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் நன்றி சொன்னாள். அம்மா காப்பித்தூளையும் அவளிடமே கொடுத்துவிட்டாள். திரும்புகிற வழியெல்லாம் மாமாவின் கை இடுப்புக்குப் போய்ப் போய் வந்தது.

அதன் பிறகு வேன் வரவில்லை. பிற்பாடு விசாரித்தால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தோம் என்று ஒருத்தர் விடாமல் சொன்னார்கள்.

மூன்று வருஷம் கழித்து மாமா இறந்தார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் மகள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள். நானும் போனேன். அவள் கையில் அந்தத் தோல் பை. “அத்தை, அப்பா அந்த ஓட்டலுக்குப் போயி நம்ம வீட்டுச் சாவியத் திரும்ப வாங்கிட்டு வந்துட்டாங்களாம். என்கிட்ட மட்டும் சொன்னாங்க. கடைசி வரைக்கும் இடுப்புலதான் வச்சிருந்தாங்க. நீங்க வச்சுக்கோங்க” என்று அழுதுகொண்டே நீட்டினாள்.

அம்மா எடுத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு சாண் நீள இரும்புச் சாவிதான். முனையில் மூன்றுக்குப் பதிலாக இரண்டு பல். எங்கேயோ பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைக் கிள்ளினாள்.

“நீயே வச்சுக்கோம்மா. வீட்டுச் சாவின்னு உங்க அப்பா சொன்னாகன்னா, அதுதான்” என்றாள்.

எனக்கு அந்த மனசு கிடையாது. அன்றைக்கு அம்மா கிள்ளாமல் இருந்திருந்தால் பெட்டிக்குள் போன மனுஷரைப் பற்றி அவர் மகளிடமே சொல்லியிருப்பேன். அம்மாவும் அவரை மன்னித்ததாக எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அவள் அண்ணன் பேச்சை எடுத்ததே இல்லை.

போன மாதம் மாமா மகள் எங்கள் குடும்பக் குரூப்பில் ஒரு போட்டோ போட்டிருந்தாள். காரில் காரைக்குடிப் பக்கம் போயிருக்கிறார்கள். ஏதோ ஒரு பெரிய வீட்டுக் கூடத்தில் அவள் மகள் அடி ஒட்டி அடி வைத்து அளந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் இவள், கையில் அந்தச் சாவியைப் பிடித்தபடி. கீழே ஒரு வரி: நம்ம வீடு இதைவிடப் பெருசு.

அம்மா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். சாவியை விரலால் பெரிதாக்கச் சொன்னாள்.

“துருப் பிடிச்சிருக்கு. எண்ணெய் போடச் சொல்லு” என்றாள்.

நான் சொல்லவில்லை.